மஞ்ச ஆல்பமும் மேட்டுப்பட்டி வளைகாப்பும்

சில மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு ஸ்பீக்கரை எடுத்துட்டுப் போயி ஒரு மாடி வீட்டுல வைக்கணும். அம்புட்டுத்தான்.

வச்சேன்.

அதுக்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

மொதல்ல என்னையப் பத்திச் சொல்லிடுறேன். திண்டுக்கல்லுல கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். ஊர்ல பாதி வீட்டுக்கு வைஃபை மாட்டுனவன் நான்தான். வயரே இல்லாம வர்ற எந்தப் பிரச்சினையா இருந்தாலும் "பிரபுவக் கூப்புடு"ம்பாங்க. இதை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க. அப்பத்தான் கேவலம் முழுசா விளங்கும்.

அடுத்தது, எனக்கு ஒரு வியாதி உண்டு. ப்ரோக்ரஸிவ் ராக்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன், அது வெள்ளைக்காரங்க பாட்டுல ஒரு வகை. பாட்டு ஆரம்பிக்கிறப்ப பாலை அடுப்புல வச்சீங்கன்னா, பால் பொங்கி, காபி போட்டு, குடிச்சு, டம்ளரைக் கழுவிக் கவுத்துன பிறகும் பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும். நடுவுல தாளம் வேற மாறிக்கிட்டே இருக்கும். கூடவே கால்ல தாளம் போட்டீங்கன்னா சுளுக்கிக்கும்.

எனக்குத் தெரிஞ்சு திண்டுக்கல் சுத்துவட்டாரத்துல இந்த வியாதி மூணு பேருக்குத்தான் இருக்கு.

ஒண்ணு நான். ரெண்டாவது, மேட்டுப்பட்டி சேவியர் அண்ணன். ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரு. மூணாவது, ஒட்டன்சத்திரம் தொரைசாமி. முருங்கைக்கா மண்டி வச்சிருக்காப்ல.

மூணு பேருக்கும் பொதுவா ஒரு வெள்ளைக்கார பேண்ட். வாசிக்கிறவங்க எல்லாருக்கும் பேரன் பேத்தி எடுக்குற வயசாச்சு, இன்னும் விட மாட்டேங்கிறாங்க. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா கமெண்ட்ல வந்து அடிச்சுக்குவீங்க.

ஏன்னா அடிதடிக்குன்னே அவங்க ஒரு ஆல்பம் போட்டு வச்சிருக்காங்க.

அட்டை மஞ்சக் கலர்ல இருக்கும். அதனால எங்களுக்கு அது மஞ்ச ஆல்பம். அதுவரைக்கும் கிடார்ல தீயப் பத்த வச்சவங்க, அந்த ஆல்பத்துல கிடாரைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டாங்க. கீபோர்டு, காத்துச் சத்தம், மெதுவா ஒரு மணி, அழுகுற மாதிரி ஒரு குரல். அம்புட்டுத்தான் ஆல்பம்.

உலகம் பூரா ரசிகருங்க ரெண்டாப் பிரிஞ்சாங்க. எங்க மூணு பேருக்குள்ளயும் அதே கதைதான்.

சேவியர் அண்ணன், "பாட்டுன்னா ஓடணும்டா. இது என்னடா, காலு ஒடிஞ்ச மாதிரி நொண்டுது? குப்பை!"ன்னாரு. பி.டி. வாத்தியாரு வேற எப்படிச் சொல்லுவாரு?

தொரை, "ஏனுங்ணா, அது ஓடுற பாட்டில்லீங்க. உக்காந்து யோசிக்கிற பாட்டுங்க. காவியமுங்க"ன்னாப்ல.

"யோசிக்கிறதுக்கு நான் பரிச்சையா எழுதுறேன்?"

"எழுதுனீங்கன்னா ஃபெயிலுதானுங்க."

முடிஞ்சது. சேவியர் அண்ணன் வாட்ஸப் குரூப்ல இருந்து தொரையைத் தூக்கிட்டாரு. மூணு பேரு இருந்த குரூப்பு. மிச்சம் நாங்க ரெண்டு பேரு. அதுக்குப் பேரு குரூப்பா?

ரெண்டு பேருக்கும் நடுவுல நான். அண்ணன்கிட்ட "குப்பைதாண்ணே"ம்பேன். தொரைகிட்ட "காவியம்தாம்ப்பா"ம்பேன். எனக்குன்னு ஒரு கருத்து இருந்துச்சான்னு கேக்காதீங்க. அதெல்லாம் வசதியானவங்க வச்சுக்கிறது.

இப்படியே சில வருசம் பேச்சு வார்த்தை இல்ல. தொரையோட கடை தொறப்புக்கு அண்ணன் போகல. அண்ணனுக்குக் கண்ணு ஆபரேசன் நடந்தப்ப தொரை வரல. ஆனா ஆபரேசன் முடியிற வரைக்கும் எனக்கு மூணு தடவை போன் போட்டு, "நல்லா இருக்காருங்களா? நான் கேட்டன்னு சொல்லிப்புடாதீங்க"ன்னாப்ல. அண்ணன் அதே மாதிரி, எந்த முருங்கைக்காயப் பாத்தாலும் "அவன் மண்டி எப்படிப் போகுதாம்?"னு கேப்பாரு.

அப்பத்தான் உலக ரசிகருங்க பல்டி அடிச்சாங்க.

அன்னைக்கு மஞ்ச ஆல்பத்தைத் திட்டுனவங்களே இப்ப, "திரும்பக் கேட்டேன், அழுதுட்டேன். காலத்துக்கு முன்னாடியே வந்துருச்சு"ன்னு பக்கம் பக்கமா எழுத ஆரம்பிச்சாங்க. தொரை அது அத்தனையையும் எனக்கு அனுப்புவாப்ல. நான் அண்ணனுக்கு அனுப்புவேன். ஒரு நா அவரு போன் பண்ணுனாரு.

"டேய் பிரபு. சரி, நான் இன்னொரு தடவை முழுசாக் கேக்குறேன். ஆனா அவன் வந்து என் எதிர்ல உக்காரணும். கேட்டு முடிச்சு, அவன் மூஞ்சியப் பாத்து, குப்பைன்னு சொல்லணும்."

தொரைகிட்டச் சொன்னேன். "வந்தர்றனுங்க"ன்னாப்ல.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரு ஆசை. எப்படியாச்சும் இவங்க ரெண்டு பேரையும் சேத்து வச்சிரணும். அதுக்கு நல்ல ஸ்பீக்கர் வேணும். என்கிட்ட இருந்தது போன தீவாளியோட போயிருச்சு. அதனால வாடகைக்கு எடுக்க, காலையிலயே ராசு மைக் செட் கடைக்குப் போனேன்.

ராசு கடை வாசல்ல ரெண்டு பொட்டி நின்னுச்சு. சக்கரம் வச்சு இழுத்துட்டுப் போற ட்ராலி ஸ்பீக்கர். ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி. முன்னாடி கலர் கலரா லைட்டு எரியும்.

"செத்த நேரம் பொறு அப்பு, ஒண்ணு விசேசத்துக்குப் போகுது. இன்னொண்ணு உனக்கு"ன்னாப்ல ராசு.

நான் சும்மா நிக்காம, பக்கத்துல இருந்த பொட்டியில என் செல்லை புளூடூத்துல இணைச்சு, ஒரு பாட்டைப் போட்டுப் பாத்தேன். தெளிவா இருந்துச்சு. "இதையே குடுண்ணே"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனேன்.

டீ குடிச்சுட்டு வந்தா, ஒரு பொட்டியை ஆட்டோவுல ஏத்தி விசேசத்துக்கு அனுப்பியாச்சு. மிச்சம் இருந்ததை என் வண்டியில கட்டி விட்டாப்ல. ரெண்டும் ஒண்ணுதான, எதா இருந்தா என்ன?

இந்த எடத்துல கம்ப்யூட்டர் சர்வீஸ்காரங்க யாராச்சும் படிச்சீங்கன்னா இப்பவே சிரிப்பீங்க. சிரிங்க.

அண்ணன் வீடு மாடியில. தெரு ரொம்பக் குறுகல். எதிர்த்த வீட்டு வாசல்ல சாமியானா போட்டு, வாழை மரம் கட்டி, ஒரே கூட்டம்.

"எதிர் வீட்டுப் பாண்டியம்மா மகளுக்கு வளைகாப்பு. உங்கக்கா அங்கதான் இருக்கா"ன்னாரு அண்ணன். உங்கக்கான்னா ரீட்டா அக்கா, அவரு சம்சாரம்.

தொரை ஏற்கனவே வந்து நாற்காலி நுனியில உக்காந்திருந்தாப்ல. கையில ஒரு பை நிறைய முருங்கைக்கா. அண்ணன் அதைப் பாத்தாரு. "அங்கிட்டு வையி"ன்னாரு. பேச்சு அதோட சரி.

"கீழ சத்தமா இருக்கு. ஜன்னலைச் சாத்து. எல்லாரும் கண்ணை மூடணும். மொதப் பாட்டு முடியிற வரைக்கும் ஒரு பய வாயத் திறக்கக் கூடாது."

ஸ்கூல் மைதானத்துல பேசுற மாதிரியே சொன்னாரு. நாங்களும் முதுகை நிமித்தி உக்காந்தோம்.

தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, அதுக்கு முன்னாடி பொட்டியை நிறுத்தி, சுவிட்சைப் போட்டேன். நீல லைட்டு மினுக் மினுக்குன்னு எரிஞ்சது. செல்லைத் திறந்தா, நான் ஒண்ணும் பண்ணாமயே "இணைக்கப்பட்டது"ன்னு காட்டுச்சு. பாத்தீங்களா, நம்ம கை ராசி!

பாட்டைப் போட்டேன்.

சத்தமே வரல.

பொட்டியில இருந்த வால்யூம் திருகைத் திருகுனேன். ஒண்ணும் நடக்கல. "வாடகைச் சாமான்ல இதான் தொல்லை, திருகு வேலை செய்யல"ன்னு சொல்லிட்டு, செல்லுல சத்தத்தை ஏத்துனேன். லேசாக் கேட்டுச்சு. இன்னும் ஏத்துனேன். முழுசா ஏத்துனேன்.

வந்துச்சு.

காத்துச் சத்தம். அப்புறம் அந்த மணி. ஒரு அடி... இடைவெளி... இன்னொரு அடி... எங்கயோ தூரத்துல இருந்து, சுவருக்குள்ள இருந்து, நெஞ்சுக்குள்ள இருந்து வர்ற மாதிரி!

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

பேசக்கூடாதுன்னு சொன்ன அண்ணனே மொதல்ல வாயத் திறந்தாரு. கண்ணு மூடியேதான் இருக்கு. "டேய், இந்த மணி முன்னாடி இம்புட்டுத் தூரத்துலயா கேட்டுச்சு?"

"ஒலிப்பதிவை இப்பப் புதுசாச் சரி பண்ணி விட்டிருக்காங்கண்ணா"ன்னாப்ல தொரை.

"ம். ஆழமா இருக்கு."

ஆழமா இருக்கு! சேவியர் அண்ணன் வாயில இருந்து! தொரை ஒத்தக் கண்ணைத் திறந்து என்னையப் பாத்தாப்ல. கண்ணு கலங்கியிருந்துச்சு.

மணி விடாம அடிச்சது. அது கூடவே இப்ப ஏதோ கூட்டம் சலசலக்குற மாதிரி ஒரு சத்தம்.

"இது நான் கவனிச்சதே இல்லைங்க. பின்னாடி சனங்க பேசுற மாதிரி..."

"லேயர்ஸ் தொரை, லேயர்ஸ்!"னேன் நான். சும்மா இருந்திருக்கலாம். நான் எங்க சும்மா இருக்கேன்? "ஒரு ஊரோட மொத்தத் துக்கத்தையும் உள்ள வச்சிருக்கான் பாரு"ன்னு வேற விளக்கம் குடுத்தேன்.

பொட்டியில நீல லைட்டு இன்னும் மினுக் மினுக்குது. பாட்டுக்கு ஏத்த மாதிரியே மினுக்குதுன்னு மனசுக்குள்ள பெருமை. புளூடூத்து லைட்டு மினுக்குனா இன்னும் எதோடயும் சேரலன்னு அர்த்தம். இதை வாரம் நாலு பேருக்குக் காசு வாங்கிட்டுச் சொல்லிக் குடுக்குறவன் நான்.

திடீர்னு ஒரு பொம்பளைக் குரல். மங்கலா, எதிரொலியோட.

அண்ணன் நெத்தியச் சுருக்குனாரு. "என்னமோ சொல்றாடா... 'நிறுத்து, நிறுத்து'ன்னு கேக்குது."

"உங்களுக்கு அப்படித்தானுங்க கேக்கும். உங்க மனசுல இருக்கறது அதான"ன்னாப்ல தொரை.

அண்ணன் யோசிச்சாரு. நெசமாவே யோசிச்சாரு!

அப்பக் கதவு தடால்னு திறந்துச்சு. ரீட்டா அக்கா. பட்டுச் சேலை, நெத்தியில சந்தனம், மூச்சு வாங்குது.

"அடப்பாவிகளா! நல்ல காரியம் நடக்குற வீட்டுல எழவு மணி அடிக்கிறது நீங்கதானா?"

மூணு பேரும் கண்ணைத் திறந்தோம்.

"என்னடி சொல்ற?"

"அங்க பொட்டியில சாமிப் பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அது நின்னு போச்சேன்னு பாத்தா, திடீர்னு ஊதக்காத்து அடிக்குது, சாவு மணி அடிக்குது! அந்த மணி எனக்குத் தெரியாதா? இதைப் போட்டுப் போட்டுத் திட்டிக்கிட்டு ஒரு மாசம் இந்த வீட்டுல என்னா பாடு படுத்துனீக!"

நான் செல்லுல பாட்டை நிறுத்துனேன்.

மணி நின்னுச்சு. கூட்டத்துச் சலசலப்பு நிக்கல.

மெல்ல ஜன்னலைத் திறந்தேன். நேர் கீழ, தெருவோரம் சாமியானாவுக்குள்ள இன்னொரு பொட்டி. காலையில நான் செல்லை இணைச்சுப் பாத்த அதே பொட்டி. அதுல மைக்கைச் சொருகிக் கையில பிடிச்சுக்கிட்டு, பாண்டியம்மா அக்கா மேல அண்ணாந்து பாத்துச்சு. நான் ஜன்னலைச் சாத்திட்டேன்.

என்ன நடந்துச்சுன்னா, ராசு கொண்டு வந்த பென் டிரைவ் மக்கர் பண்ணியிருக்கு. செல்லுல இருந்து போடலாம்னு பொட்டியை புளூடூத்துக்கு மாத்தி வச்சுட்டு, சார்ஜரைத் தேடி அடுத்த வீட்டுக்குப் போயிருக்காப்ல. அந்த நேரம் பாத்து என் செல்லு தானாப் போயி பொட்டியோட ஒட்டிக்கிச்சு. நாங்க இம்புட்டு நேரமும் கண்ணை மூடி உருகுனது, தெருவுல இருந்து சாத்துன ஜன்னல் வழியா வந்த சத்தத்துக்கு. அந்த ஊரோட மொத்தத் துக்கம், நெசமாவே கீழ நின்ன ஊரோட துக்கம்.

அண்ணன் மெல்ல எந்திரிச்சுக் கதவைச் சாத்துனாரு. "யாரும் பாக்கல. கம்முனு இருந்துருவோம்."

"ராசுவப் போட்டு அடிக்கப் போறாய்ங்க!"ன்னுச்சு ரீட்டா அக்கா. "அவந்தான் வேணும்னே போட்டான்னு சட்டையப் பிடிச்சிருக்காங்க. அந்தப் புள்ள சங்கீதா அழுகுது. வாயும் வயிறுமா இருக்குற புள்ள!"

அதுக்கு மேல உக்காந்திருக்க முடியல. எறங்குனோம். அண்ணன் முன்னாடி, தொரை பின்னாடி, எல்லாருக்கும் கடைசியா நான். என் செல்லை சட்டைப் பையில ஒளிச்சு வச்சிருந்தேன், என்னமோ கத்தியை மறைக்கிற மாதிரி.

சாமியானாவுக்குள்ள போனா, சங்கீதாவோட தாய்மாமன் ராசு கழுத்தைப் பிடிச்சிருந்தாரு. மாமாவுக்கு ஊரு அய்யலூரு. ஆட்டு யாவாரி. ராசுவை விலைக்குப் பாக்குற மாதிரியே பிடிச்சிருந்தாரு.

"விடுங்கண்ணே, அவரு இல்ல. நான்தான்"னேன்.

மாமா திரும்புனாரு. "நீயா? ஏலே, என்னா தைரியம் இருந்தா வளைகாப்பு வீட்டுல சாவு மணி அடிப்ப?"

"சாவு மணி இல்லண்ணே. புளூடூத்து மாறிப் போச்சு. அது ப்ரோக்ரஸிவ் ராக்."

"அப்பிடின்னா?"

"அது... முன்னேற்றமான பாட்டுண்ணே."

"இதா முன்னேற்றம்? நீங்க மூணு பேரும் இதக் கேக்குறதுக்குன்னே கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தீகளா?"

அண்ணன் முகத்துல ஒரு வெளிச்சம். தன் கட்சிக்கு ஒரு ஆளு கெடைச்ச சந்தோசம். "நானும் அதத்தாங்க கேக்குறேன்..."னு ஆரம்பிச்சாரு. நான் அவரு கையைக் கிள்ளுனேன்.

பாண்டியம்மா அக்கா சங்கீதா பக்கத்துல நின்னுச்சு. புள்ளையோட ஒரு கையில வளையல் நிறைய. இன்னொரு கை மொட்டையா. கண்ணு மை கலைஞ்சு கன்னம் வரைக்கும் வந்திருந்துச்சு. சுத்தி நின்ன பொம்பளைங்க, "மொதப் புள்ளைக்கு இப்படி ஆயிருச்சே", "சகுனமே சரியில்லையே"ன்னு மெதுவாப் பேசிக்கிட்டாங்க. மெதுவாத்தான் பேசுனாங்க, ஆனா புள்ள காதுல விழுகுற அளவுக்கு.

எனக்கு அதுவரைக்கும் இருந்த பயம் போயி வெக்கம் வந்துருச்சு. மன்னிப்புக் கேக்கலாம்னு வாயத் திறந்தேன்.

அதுக்குள்ள தொரை முன்னாடி வந்தாப்ல.

"ஏனுங்கம்மா, ஒரு நிமிசமுங்க. அது சாவு மணி இல்லீங்க. விடியக்காலத்துல அடிக்கிற மணிங்க. அந்தப் பாட்டே பொறப்பப் பத்தினதுங்க. ஒரு தாயி கடலோரமா நின்னு, தூரத்துல கப்பல் வருதான்னு பாக்குற மாதிரி, தன் கொழந்தைக்காகக் காத்திருக்கறாங்க. ஒவ்வொரு மணிக்கும் கொழந்தை கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட வருதுங்க."

சுத்தி நின்ன பொம்பளைங்க தொரையைத் திரும்பிப் பாத்தாங்க.

நிஜத்துல அந்தப் பாட்டு, பொண்டாட்டி விட்டுட்டுப் போன ஒரு கலங்கரை விளக்கக் காவக்காரன் தனியா உக்காந்து பொலம்புறது. தொரை சொன்னதுல கடல் இருக்குங்கிறது மட்டும் நெசம்.

பாண்டியம்மா அக்கா தொரையை நம்பல. யாரு எவருன்னு தெரியாத ஆளு. நேரா அண்ணன் பக்கம் திரும்புச்சு.

"வாத்தியாரே, நீங்க சொல்லுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீக. அது நல்ல பாட்டா?"

மொத்தத் தெருவும் அண்ணனைப் பாத்துச்சு. பாதிப் பேரு அவருகிட்டப் படிச்சவங்க.

அண்ணன் தொரையைப் பாத்தாரு. ராசு கழுத்துல இருந்த கையைப் பாத்தாரு. அழுத புள்ளையைப் பாத்தாரு. கண்ணு ஆபரேசனுக்குக் கூட அவரு இம்புட்டுக் கஷ்டப்பட்டு நான் பாக்கல.

"ஆமாத்தா"ன்னாரு. "நல்ல பாட்டு."

"நல்ல பாட்டுன்னா?"ன்னாரு அய்யலூர் மாமா, கையை விடாம.

"ரொம்ப நல்ல பாட்டு. மங்களமான பாட்டு." ஒரு பெருமூச்சு விட்டாரு. "மொதத் தடவை கேட்டப்ப எனக்கே விளங்கல. திட்டுனேன். இது திரும்பத் திரும்பக் கேட்டாத்தான் விளங்கும்."

அட! உலக ரசிகருங்க பக்கம் பக்கமா எழுதுனது இதைத்தான்! எங்கிட்டோ திரும்பி நின்னுக்கிட்டுத் தொரை கைக்குட்டையைத் தேடுனாப்ல.

மாமா கை தளந்துச்சு. ராசு கழுத்தைத் தடவிக்கிட்டாப்ல. நாங்க மூணு பேரும் நைசா நழுவப் பாத்தோம்.

"நில்லுங்க"ன்னுச்சு சங்கீதா. மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "அம்மா, நல்ல பாட்டுன்னா பாதியில நிறுத்தக் கூடாதுல்ல? முழுசாப் போடச் சொல்லு."

"அதுவும் சரிதான். முழுசாப் போடுங்க வாத்தியாரே"ன்னுச்சு பாண்டியம்மா அக்கா.

அண்ணன் என்னையப் பாத்த பார்வை இருக்கே!

போட்டேன். என் செல்லு ஏற்கனவே ஒட்டிக்கிட்டுத்தான இருக்கு.

காத்து. மணி. இந்தத் தடவை ஜன்னல், சுவரு எதுவும் குறுக்க இல்ல. நேரா மூஞ்சியில அடிச்சது. பாண்டியம்மா அக்கா ஒரு வளையலை எடுத்து, மணி அடிக்கிறதுக்குக் காத்திருந்து, அடிச்சதும் மகள் கையில மாட்டுச்சு. அடுத்த அத்தை வந்தாங்க. அவங்களும் மணிக்குக் காத்திருந்தாங்க. அதுக்கடுத்த சித்தி, "இருங்கடி, இன்னும் மணி அடிக்கல"ன்னு மத்தவங்களை நிறுத்தி வச்சாங்க.

அந்தப் பாட்டுல ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவுல ஒரு ஆளு தலை சீவிட்டு வந்துறலாம். வளையல் போட வரிசையில நின்னவங்க வாசலைத் தாண்டி நின்னாங்க.

சாப்பாடு தள்ளிப் போச்சு. பந்திக்குக் காத்திருந்த ஆம்பளைங்க முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க. அய்யலூர் மாமா அண்ணன் பக்கத்துல வந்து, கெஞ்சுற மாதிரி, "வாத்தியாரே, இந்த மணி எப்பத்தான் முடியும்?"னு கேட்டாரு.

"பல வருசமா நானும் அதத்தாங்க கேட்டுக்கிட்டு இருக்கேன்"னாரு அண்ணன்.

கடைசியில பந்தி போட்டப்ப, பரிமாற ஆளு பத்தல. பாண்டியம்மா அக்கா எங்களை விடல. "தெருவையே கலங்கடிச்சீகள்ல, வந்து வாளியத் தூக்குங்க." எனக்குப் புளிச்சோறு. தொரைக்குத் தேங்காச் சோறு. அண்ணனுக்குத் தயிர்ச்சோறு. கலவைச் சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் அப்பளமும் உருளைக்கிழங்கும். எல்லாத்துக்கும் மேல, மஞ்ச ஆல்பம் அது பாட்டுக்கு அழுதுக்கிட்டே இருந்துச்சு.

பி.டி. வாத்தியாரு வேகமாப் பரிமாறிப் பழகுனவரு. ஆனா அந்தப் பாட்டுக்கு வேகமா நடக்கவே முடியல. கால் தானா மெதுவாகுது. ஒரு இலைக்குத் தயிர்ச்சோறு வைக்கிறதுக்குள்ள அவரு முகத்துல ஏதோ தத்துவம் வந்துட்டுப் போச்சு. சாப்புட்டவங்களும் மெதுவாச் சாப்புட்டாங்க. ஒரு தாத்தா, "ரொம்ப நா கழிச்சு நிதானமாச் சாப்புட்டேம்பா"ன்னாரு. சாவு மணின்னு மொதல்ல கத்துனதே அவருதானாம்.

ஒரு கட்டத்துல அண்ணன் வாளி காலியாப் போச்சு.

"தொரை, அங்கிட்டு இருக்குற தயிர்ச்சோத்த இப்படித் தள்ளு."

தொரை அப்படியே நின்னுட்டாப்ல. இம்புட்டு வருசத்துல அண்ணன் வாயில இருந்து வந்த மொத "தொரை."

"இந்தாங்ணா"ன்னு வாளியை நீட்டுனாப்ல. அவசரத்துல கொஞ்சம் தயிரு அண்ணன் வேட்டியில சிந்துச்சு.

கடைசிப் பந்தியில நாங்களும் உக்காந்தோம். கை கழுவுற எடத்துல அண்ணன் மெதுவாச் சொன்னாரு. "அங்க சொன்னத நம்பிறாத. குப்பைதான்."

"தெரியுமுங்ணா"ன்னாப்ல தொரை. "ஆனா ஊரு முன்னால ஒருக்கா வாயாரச் சொன்னீங்கள்லங்க. பொய்யின்னாலும் கேக்க நல்லா இருந்துச்சுங்க."

அண்ணன் கையை ஒதறிட்டு என் பக்கம் திரும்புனாரு. "டேய் பிரபு. அவனைத் திரும்பக் குரூப்ல சேத்து விடு."

வேலை முடிஞ்சதுன்னு நிம்மதியா வீட்டுக்கு வந்தேன். மேட்டுப்பட்டி என்னைய அம்புட்டு லேசுல விடல.

அந்த மாசமே ராசு என் கடைக்கு வந்தாப்ல. "அப்பு, அந்த மணிப் பாட்டு இந்தப் பென் டிரைவ்ல வேணும். அடுத்த தெருவுல வளைகாப்பாம். அதைப் போட்டாத்தான் ஆச்சுங்கிறாங்க." ஏத்திக் குடுத்தேன். அதுக்கடுத்து எரியோட்டுல ஒரு விசேசத்துக்குக் கேட்டாங்களாம். உலகம் பூரா இந்த ஆல்பத்துக்கு அடிச்சுக்கிறாங்க. எங்க பக்கம் மட்டும் மாத்துக் கருத்தே கிடையாது.

சங்கீதாவுக்கு ஆம்பளைப் புள்ள பொறந்துச்சு. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. புள்ள எம்புட்டு அழுதாலும் அந்த மணி கேட்டா கப்புனு தூங்கிருதாம். சங்கீதா இப்ப அம்மா வீட்டுலதான் இருக்கு. அண்ணனுக்கு எதிர் வீடு. காலையில, மத்தியானம், சாயங்காலம்.

போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஜன்னலு திறந்திருக்கு, எதிர் வீட்டுல மணி அடிக்குது, இவரு பாட்டுக்குப் பேப்பர் படிச்சுக்கிட்டே தலையை லேசா ஆட்டிக்கிட்டு இருக்காரு.

எனக்குத் தாங்கல. "என்னண்ணே, மஞ்ச ஆல்பம் கடைசியில பிடிச்சிருச்சா?"

பேப்பர்ல இருந்து கண்ணை எடுக்காமச் சொன்னாரு.

"பழகிருச்சுடா."